வெங்கலைத் தாண்டாத பஸ்

சென்ற மாதம் என் மருமகனின் கார் வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. தள்ளிக்கொண்டே போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். அங்கே இரண்டு மெக்கானிக்குகள். ஒருவர் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரைச் சொருகி, கையில் இருந்த திரையைப் படித்தார். மற்றவர் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற குழாயில் அழுத்தம் காட்டுகிற ஒரு கேஜை மாட்டி, சாவியைத் திருப்பச் சொன்னார். முள் பாதி தூரம் ஏறி நின்றுவிட்டது. "டேங்குக்குள்ள இருக்கிற பம்பு வீக்கு சார்" என்றார். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது.

நான் டீசல் மெக்கானிக் என்று மருமகன் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். உடனே இருவரும் பிடித்துக்கொண்டார்கள். "இந்த மெஷினெல்லாம் இல்லாம எப்படிப் பெரியவரே கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்கள். நான் ஆரம்பித்தேன். என் வாய் ஆரம்பித்தால் நிற்காது. ஒர்க்‌ஷாப்காரர் வந்து முறைத்தார். "எழுதிக் குடுத்துடுங்க, நாங்க அப்புறமா படிச்சிக்கிறோம்" என்று நைசாக அனுப்பிவைத்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் காலத்து மெக்கானிக்தான் மெக்கானிக் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எங்களிடம் ஒரு கேஜ் இருந்திருந்தால் நான் ஒரு மனிதனுக்குச் செய்த கெடுதலைச் செய்திருக்க மாட்டேன்.

என் ஊர் ஆரம்பாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எனக்குச் சேறு பிடிக்காது, இரும்பு பிடிக்கும். அறுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில்களைக் கழுவினேன். அடுத்த இரண்டு வருடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அதற்கடுத்த வருடம் என் கையில் ஸ்பானரைக் கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. எழுபதுகள் பிறந்தபோது, நாலு பஸ்ஸில் எது இருமினாலும் தேவராஜைக் கூப்பிடு என்கிற அளவுக்கு ஆகியிருந்தேன்.

ஷெட்டுக்கு ஃபோர்மேன் ரங்கையா. சூளூர்ப்பேட்டைப் பக்கம். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. காக்கிச் சட்டை கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். அவர் வேலை பார்த்த அத்தனை வருடத்தில் அதில் ஒரு சொட்டு கிரீஸ் நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எஞ்சினுக்கு இடது பக்கம் நிற்பார். எதையும் தொட மாட்டார். நாம் தொட்டுப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது வாயில் 'இருக்கும்', 'போல' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நிறுத்திவிடுவார்.

"பாத்தியா, நெனச்சியா?" என்பார்.

"நெனச்சேன் சார்."

"பாத்தத இங்க சொல்லு நைனா. நெனச்சத பாக்கெட்டுல வச்சிக்கோ."

அவர் கத்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை 'வா நைனா, போ நைனா' என்பவர், கோபம் வந்தால் மரியாதையாகிவிடுவார். 'வாங்க, உட்காருங்க' என்று அவர் சொன்னால் எங்களில் யாரோ தொலைந்தோம் என்று அர்த்தம்.

ஷெட் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். வண்டி வழியில் நின்றால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சாக்பீசால் எழுதியிருப்பார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு டீசல் இருக்கிறதா பார். அடுத்தது, ஃபில்டரில் அழுக்கோ தண்ணீரோ சேர்ந்திருக்கிறதா பார். மூன்றாவது, ஏர் எடு. டீசல் குழாயில் காற்றுப் புகுந்தால் பம்பு வேலை செய்யாது. ஃபில்டர் மேல் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கைப் பம்பை அமுக்கி அமுக்கி, நுரை போய் சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். கடைசியாகத்தான் நாசில். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த நாசில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். தளர்த்தியும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லை என்றால் அதுதான் செத்த நாசில். டிரைவர்கள் எல்லாருக்கும் இந்தப் பலகை மனப்பாடம்.

இந்த வரிசைக்கு வெளியே எனக்கென்று ஒரு வித்தை இருந்தது. என் மூக்கு. ஒரு தரம் லாரி ஒன்று வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தது. நான் டேங்க் பக்கத்தில் நின்று மோந்துவிட்டு, "கிருஷ்ணாயில் கலந்திருக்குது" என்றேன். மண்ணெண்ணெய் ஊற்றியதை லாரி டிரைவர் அங்கேயே ஒத்துக்கொண்டான். அன்றைக்கு ஆரம்பித்தது என் புகழ். ரெட்ஹில்ஸ் வரைக்கும் 'மூக்கு தேவராஜ்' என்று பெயர். ரங்கையா மட்டும் பாராட்டவில்லை. "ஒரு தரம் சரியாப் போச்சு நைனா, அவ்ளோதான்" என்றார். எனக்கு அவர்மேல் அன்று முழுக்கக் கடுப்பு.

இனி அந்த பஸ்ஸுக்கு வருகிறேன். கும்மிடிப்பூண்டியில் கிளம்பி, கவரப்பேட்டை, பெரியபாளையம், வெங்கல் வழியாகத் திருவள்ளூர் போகிற எங்கள் முதல் வண்டி அது. காலை டிரைவர் ஏழுமலை. மதியத்துக்கு மேல் பலராமன். ஏழுமலைக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் படகில் போகிறவர்கள். குடும்பத்திலேயே ஸ்டியரிங் பிடித்தவர் அவர் ஒருத்தர்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனாலும் நாங்கள் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். நாஷ்டா ஒரே இலையில் சாப்பிடுகிற சிநேகம்.

அந்த வருடம் பஸ்ஸை ஆர்.டி.ஓ.விடம் எஃப்.சி.க்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் முழுக்கப் பெயிண்ட் அடித்தோம். ஆயுத பூஜை முடிந்து பஸ் ரோட்டுக்கு வந்தது. மூன்றாம் நாளே, வெங்கலுக்கு ஒரு மைல் இருக்கும்போது இழுவை குறைந்து, திணறி, நின்றுவிட்டது. ஏழுமலை இறங்கிப் பலகையில் உள்ளபடி செய்தார். மூடியைத் திறந்து குச்சி விட்டார். டீசல் கழுத்துவரை இருந்தது. ஃபில்டர் சுத்தம். ஏர் எடுத்தார். பஸ் கிளம்பி, திருவள்ளூர் வரை ஒரு முனகல் இல்லாமல் போனது. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் நின்றது. அப்புறம் தினமும் நிற்க ஆரம்பித்தது. பெரியபாளையம் தாண்டினால் பயணிகள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அதே பஸ்ஸைப் பலராமன் மதியம் எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாளும் நிற்காது. ஷெட்டில் நாங்கள் ஓட்டிப் பார்த்தோம். குதிரை மாதிரி ஓடியது. ஃபில்டர் மாற்றினேன். குழாய்களைக் கழற்றி ஊதினேன். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிற சின்னப் பம்பைப் பிரித்து வால்வு மாற்றினேன். நாசில் எல்லாவற்றையும் இறக்கிச் சோதித்தேன். ஒவ்வொரு தரமும் "சரி பண்ணிட்டேன்" என்று ரங்கையாவிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை பஸ் வெங்கலில் நிற்கும்.

"நா இன்னாடா பண்ணட்டும்?" என்றார் ஏழுமலை. "வெங்கல் கிட்ட வந்தா அதுக்கு மூச்சு நின்னுடுது. பேய் கீய் எதுனா கீதான்னு ஜனங்க கேக்குறாங்க. பேஜாரா கீதுடா."

பேய் மேல் யாரும் பழி போடவில்லை. ஒரே வண்டி, இரண்டு டிரைவர், ஒருத்தர் கையில் மட்டும் நிற்கிறது. பழி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் முதலாளியே ஷெட்டுக்கு வந்தார். திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வண்டி தாமதம் என்று அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். பத்துப் பேர் சுற்றி நின்றோம். ரங்கையா ஏதோ சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். டேங்கிலிருந்து ஒரு குவளை டீசல் எடுக்கச் சொல்லி, முதலாளி அதை என் பக்கம் நீட்டினார்.

"உன் மூக்கு இன்னா சொல்லுது தேவராஜ்?"

மோந்து பார்த்தேன். டீசல் வாடைதான் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு இதைச் சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றும் வரவில்லை. ஆனால் பத்துப் பேர் என் மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்து நாளாகச் சரி பண்ணிவிட்டேன் சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லி மானம் போய்க் கிடக்கிறது. 'தெரியவில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை.

"லேசா கிருஷ்ணாயில் வாடை வர்ற மாதிரி கீதுங்க" என்றேன்.

மாதிரி என்ற வார்த்தையை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஏழுமலை வழியில் டீசலை இறக்கி விற்றுவிட்டு கிருஷ்ணாயில் ஊற்றிச் சரிக்கட்டுகிறார் என்று சாயங்காலத்துக்குள் ஷெட் முழுக்கப் பேச்சு. முதலாளி, "திங்கக்கிழமையில இருந்து வேற டிரைவர் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் டிரைவர் குடித்தால்கூட வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும். டீசல் திருடினான் என்று பெயர் வாங்கினவனை ஒருத்தரும் படியேற விட மாட்டார்கள். ஏழுமலைக்கு மிச்சம் இருப்பது அண்ணனின் படகுதான். அவருக்கோ படகில் கால் வைத்தாலே வாந்தி வரும். குப்பத்தில் பிறந்து அப்படி ஒரு உடம்பு. அதனால்தான் அவர் ஸ்டியரிங்குக்கு வந்தார்.

அவர் நேராக என்னிடம் வந்தார். "நீயா சொன்ன?"

"மாதிரின்னுதாண்டா சொன்னேன்."

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். அவர் திரும்பி நடந்துவிட்டார். அடுத்த நாள் நாஷ்டாவுக்குத் தனியாக உட்கார்ந்தார்.

ரங்கையா திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷெட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"தேவராஜ், உட்காருங்க."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க மோந்தீங்களே, கிருஷ்ணாயில் வாடையப் பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி. முதலாளிகிட்ட சனிக்கிழமை வரைக்கும் டயம் வாங்கியிருக்கேன். நாளைக்குக் காலையில அந்த வண்டியில நீங்க போங்க. அது நின்னா, நம்ம பலகையில இருக்கிறத எதையும் செய்யாதீங்க. பத்து நாளா மேல இருந்து கீழ பாத்தோம். கடைசியில இருந்து பாத்துக்கினு வாங்க. யாரையும் எதையும் தொட உடாதீங்க."

மறுநாள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், பானட் மேல் உட்கார்ந்து போனேன். ஏழுமலை என் பக்கம் திரும்பவே இல்லை. அது சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்தில் கட்டட வேலைகள் சூடு பிடித்திருந்த காலம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக வண்டி நிறைந்திருந்தது. பெரியபாளையம் தாண்டியது. வெங்கலுக்கு ஒரு மைல் இருக்கும்போது என் தொடைக்குக் கீழே எஞ்சினின் சத்தம் மெலிந்தது. ஏழுமலை கியரைக் குறைத்தார். திணறியது. ஓரம் கட்டுவதற்குள் நின்றது.

இறங்கினேன். பலகைப்படி பார்த்தால் நேராக டேங்குக்குப் போக வேண்டும். எஞ்சினுக்குப் போனேன். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். ஒன்றும் வரவில்லை; நுரைகூட இல்லை. கைப் பம்பை அமுக்க மேலே இழுத்தேன். கல் மாதிரி இருந்தது. பலம் கொடுத்து இழுத்துவிட்டுக் கையை எடுத்தால், யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி தானாகக் கீழே போனது. சில நாள் முன்னால் நானே வால்வு மாற்றின சின்னப் பம்பின் மேல் இருக்கிற கைப் பம்பு அது. அன்று ஷெட்டில் அதை ஒரு விரலாலேயே அமுக்க முடிந்தது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். டீசல் கசிய வேண்டும். கசியவில்லை. விரல் வைத்தால் காற்று உள்ளே போகிறது. குழாய் உறிஞ்சுகிறது. உடனே இறுக்கிவிட்டேன். பம்புதான் டேங்கை உறிஞ்ச வேண்டும். இங்கே டேங்க் பம்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அதற்குள் கண்டக்டர் பொறுமை இழந்து, வழக்கப்படி மூடியைத் திறக்கக் குச்சியோடு டேங்க் பக்கம் போய்விட்டார்.

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் வண்டிக்குள் ஒரு குழந்தை அழுதது.

ஓடிப்போய் டேங்க் முன்னால் உட்கார்ந்தேன். தகரத்தின் பக்கவாட்டில் லேசாகக் குழி விழுந்திருந்தது. கையை மூடியில் வைத்து மெதுவாகத் திருப்பினேன். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போக ஆரம்பித்தது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டொம் என்று ஒரு சத்தம். குழி விழுந்த தகரம் பழையபடி நிமிர்ந்தது. கூடையோடு இறங்கி நின்ற ஒரு அம்மா, "இன்னாப்பா இது, தொட்டி பெருமூச்சு உடுது?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியின் நட்ட நடுவில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும். இந்த மூடியில் துளை இல்லை. துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு இருந்தது.

அதை வைத்தது நான்தான். நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் ஆயுத பூஜையன்று ஷெட்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை, கை நடுங்காது என்பதால். ஸ்பானரிலிருந்து டேங்க் மூடி வரை எல்லாவற்றுக்கும் வைப்பேன். மற்ற வருடங்களில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடும். இந்த வருடம் மூடிக்கு நானே சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். அது காய்வதற்குள் ஆசை தாங்காமல் அதன் நடுவில் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தேன். பெயிண்டும் சந்தனமும் சேர்ந்து துளைக்குள் இறங்கி, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. போதாததற்குப் புதுப் பெயிண்டில் டீசல் வழியக் கூடாது என்று லாரி ட்யூபை வெட்டிப் புது வாஷரும் போட்டிருந்தேன். காற்று நுழைய எங்கேயும் வழி வைக்கவில்லை.

அப்புறம் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. காலையில் டேங்கைக் கழுத்துவரை நிரப்புகிறோம். உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. கொஞ்சம் டீசல் குறைந்ததுமே டேங்க் உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. மதியம் பலராமன் எடுக்கும்போது டேங்க் பாதி காலி. உள்ளே வேண்டிய காற்று இருக்கிறது. அதோடு டிரைவர் மாறும்போது மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பது வழக்கம். ஏழுமலையும் வண்டி நின்றதும் முதலில் மூடியைத் திறக்கிறார். திறந்த அந்த நொடியில் நோய் பறந்துவிடுகிறது. பிறகு அவர் ஏர் எடுத்ததால் சரியானது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். ஷெட்டில் நாங்கள் செய்ததும் அதேதான். நோயைத் தேடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் நாங்களே அதை வெளியே அனுப்பிவிட்டுத் தேடினோம்.

கூடைக்கார அம்மாவிடம் ஒரு ஊக்கு வாங்கி, பொட்டின் நடுவில் குத்தினேன். மூன்றாவது குத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஏர் எடுத்துவிட்டு, "எடு" என்றேன். பஸ் கிளம்பியது. வெங்கலைத் தாண்டியது. எல்லாவற்றையும் ஏழுமலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திருவள்ளூர் போய்ச் சேரும்வரை எனக்குள் ஒரு யோசனை ஓடியது. பொட்டைச் சுரண்டிவிட்டு, 'குழாயில் அடைப்பு, எடுத்துவிட்டேன்' என்று சொன்னால் போதும். ஏழுமலைக்கும் வேலை தங்கும், எனக்கும் மானம் தங்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வழி நெடுக அதைத்தான் யோசித்தேன். ஆனால் அடைப்பு என்று சொன்னால் கிருஷ்ணாயில் பேச்சு அப்படியே நிற்கும். ஏழுமலை கலந்த கிருஷ்ணாயில்தான் அடைத்தது என்பார்கள். ஷெட்டுக்குத் திரும்பியதும் மூடியை ரங்கையா முன்னால் வைத்து, பார்த்ததை மட்டும் சொன்னேன்.

அவர் மூடியைக் கையில் வாங்கினார். எனக்குத் தெரிந்து அவர் தொட்ட முதல் சாமான் அது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கரும்பலகைக்குப் போய், முதல் வரியைக் கையாலேயே அழித்தார். கஞ்சி போட்ட சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"பொட்டு வச்சது நீ நைனா. மொதல்ல மூடியத் தெறன்னு எழுதினது நானு. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தாளத் தொரத்தப் பாத்தோம்" என்றார். 'நீ' என்று அவர் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. "ஆனா இன்னும் கண்டுபுடிக்கல. சரி பண்ணத மறுபடியும் கெடுத்துக் காட்டணும். அப்பதான் கண்டுபுடிச்ச மாதிரி."

சனிக்கிழமை காலை டேங்கை நிரப்பினோம். முதலாளியின் கண் முன்னாலேயே மூடித் துளையைச் சோப்பு வைத்து அடைத்தேன். ஸ்டியரிங்கில் பலராமன். ஏழுமலை கடைசி சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு. பயணிகள் இல்லாத வண்டி. முதலாளி முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ரங்கையா. பெரியபாளையம் போனது. இரண்டு மைல், மூன்று மைல். எனக்கு வியர்த்து ஊற்றியது. வண்டி நின்று தொலைய வேண்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். வெங்கல் பெயர்ப் பலகை தெரிகிற தூரத்தில் பலராமன் கையிலும் வண்டி திணறி நின்றது.

"நீங்களே தெறங்க" என்றார் ரங்கையா.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து மூடியைத் திருப்பினார். உஸ்ஸ் என்றதும் கையை உதறினார். மறுபடி திருப்பினார். காற்று போய் முடிகிறவரை குனிந்தபடியே நின்றார். "அப்ப டீசல் நல்ல டீசல்தானா?" என்று கேட்டார். நல்ல டீசல்தான் என்றேன். "பொட்டு வச்சது யாரு?" என்றார். நான்தான் என்றேன். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "பூஜை அன்னைக்கு அந்தப் பொட்டப் பாத்து லட்சணமா கீதுன்னு நானே சொன்னேனே" என்று முனகினார். பிறகு கடைசி சீட்டின் ஜன்னலைப் பார்த்து, "ஏழுமலை, நீயே ஓட்டிக்கினு வா. திங்கக்கிழமையும் நீதான்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஷெட்டில் இறங்கியதும் ஏழுமலை என்னை வேப்ப மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அன்று கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"பொட்டு வச்சது தெரியாம வச்சது. அத நா மனசுல வச்சிக்கல. கிருஷ்ணாயில்னு சொன்னியே, அது?"

"அதான் முதலாளிகிட்டயே நல்ல டீசல்னு சொல்லிட்டேனேடா."

"வெங்கல் ரோட்டுல நாலு பேரு முன்னால சொன்ன. என்னத் திருடன்னு சொன்னது இங்க, ஷெட்டுல. என் ஊட்டுல எங்கம்மா வரைக்கும் அந்தப் பேச்சு வந்துட்ச்சி. எங்கப்பா ஒரு வாரமா என் மூஞ்சியப் பாக்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்ன பிரசங்கம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை, முதல் வண்டி கிளம்புவதற்கு முன்னால் எல்லாரும் டீ குடிக்கிற நேரத்தில், நான் நடுவில் போய் நின்றேன். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று இருபது பேர் இருப்பார்கள். ரங்கையாவும் இருந்தார்.

"போன வாரம் டீசல மோந்துட்டு கிருஷ்ணாயில் வாடை வருதுன்னு சொன்னேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சத்தமாகச் சொன்னேன். "எனக்கு எந்த வாடையும் வரல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு பொய் சொன்னேன். ஏழுமலை எதுவும் கலக்கல. தப்பு என்னுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பலராமன் திரும்பி முறைத்ததும் சிரிப்பு நின்றது. அதோடு என் மூக்கின் புகழும் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒரு குவளையை என் முன்னால் நீட்டவில்லை. நானும் அதற்குப் பிறகு பாட்டிலில் ஊற்றி, பார்த்து, அளந்து, ரங்கையாவிடம் பார்த்ததை மட்டும் சொன்னேன். தெரியவில்லை என்று சொல்ல அப்புறம் எனக்கு வாய் கூசியதே இல்லை. நான் ஓரளவு நல்ல மெக்கானிக் ஆனது அதற்குப் பிறகுதான்.

ஏழுமலை டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி கேட் வரை போனது. கேட்டில் நின்றது. போச்சு, மறுபடியும் நின்றுவிட்டது என்று நான் ஸ்பானரோடு ஓடினேன். எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு தூக்குச்சட்டியை நீட்டினார். உள்ளே சோறும் மீன் குழம்பும்.

"எங்கம்மா உனக்குக் குட்து அனுப்பிச்சி. நீ எப்டியும் சொல்லிடுவேன்னுச்சி" என்றார். நான் மூடியைத் திறந்தேன். "டேய், மோந்துக்கினு நிக்காத. துன்னு."